மூன்றாவது டிஸ்க் எங்கே இருக்க வேண்டும்?

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், எல்லர்ஸ்லியில் ஒரு தமிழ்க் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து வருடப் படங்கள், ஊரில் எடுத்த கல்யாண வீடியோக்கள், அப்பம்மா பேசிய பதிவுகள், வீட்டிலிருந்தே பார்க்கும் கணக்கு வேலையின் கோப்புகள் எல்லாம் சேர்ந்து எட்டு டெராபைட்டைத் தொட்டுவிட்டன. நாஸ், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் டிஸ்க் பெட்டி, வாங்கலாமென்று விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்கிறார்கள். அவர் சொல்வதை எந்த ஊரிலும் கேட்கலாம்: ஐந்து டிஸ்க் போடுகிற பெட்டி வாங்குங்கள், 4 டெராபைட்டில் ஐந்து டிஸ்க் போடுங்கள், ரெய்டு 6 வையுங்கள், இரண்டு டிஸ்க் செத்தாலும் டேட்டா போகாது.

கணக்கில் பிழையில்லை. ஐந்தில் இரண்டு பங்கு காப்புக்குப் போக 12 டெராபைட் மிஞ்சும். ஆனால் அதே 12 டெராபைட்டை மூன்று 12 டெராபைட் டிஸ்க்கிலும் பெறலாம்: இரண்டு வீட்டில் ஒரே பெட்டிக்குள் மிரராக, அதாவது ஒன்றின் நகலாக மற்றொன்று; மூன்றாவது வேறு ஊரில், ஹாமில்டனில் என்று வைத்துக்கொள்வோம். செலவு சற்றுக் கூடும். ஐந்து டிஸ்க் பெட்டிக்கும் இரண்டு டிஸ்க் பெட்டிக்கும் உள்ள விலை வித்தியாசம் அதில் நல்ல பங்கைச் சரிக்கட்டிவிடும். இந்த இரண்டில் எது மேல் என்பதே இங்கே கேள்வி. ரெய்டு 6 பக்கத்து வாதம் வலுவானது, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. அதனால் அது எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1988இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில்தான் ரெய்டு என்ற பெயரும் அதன் படிநிலைகளும் வந்தன. அவர்களை அரித்த கவலை வேகம். கம்ப்யூட்டரின் மூளை வருடாவருடம் வேகமெடுக்க, பெரிய கம்ப்யூட்டர்களின் டிஸ்க் பின்தங்கி நின்றது. ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான சிறு டிஸ்க்குகளை வரிசையாகக் கட்டினால் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடி வேகம் கூடுமே என்று யோசித்தார்கள். இடித்தது ஆயுள் கணக்கு. ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் தாங்கும் என்றால், நூறு டிஸ்க் கொண்ட வரிசையில் 300 மணிக்கு ஒரு டிஸ்க் விழும். இரண்டு வாரம்கூட இல்லை. அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் உபரி டிஸ்க்.

அதாவது, பல டிஸ்க்கைக் கோத்ததால் வந்த ஆபத்தை அந்தக் கோர்வைக்குள்ளேயே சமாளிக்கும் வழி ரெய்டு. வேகத்துக்காகவோ, ஒரே டிஸ்க்கில் அடங்காத அளவுக்காகவோ கோக்க வேண்டியிருந்தால் அது தேவை. எட்டு டெராபைட் இன்று ஒரே டிஸ்க்கில் அடங்குகிறது. ஃபோட்டோ பார்க்கவும் வீடியோ ஓட்டவும் ஒரு டிஸ்க்கின் வேகமே போதும். கோக்கத் தேவையே இல்லாத வீடு, ஐந்தைக் கோத்துவிட்டு, கோத்ததனால் வந்த ஆபத்துக்கு இரண்டு டிஸ்க் காணிக்கை வைக்கிறது.

ரெய்டு 6 தரப்பின் கனமான ஆயுதம் வேறொன்று: ரெய்டு 5 செத்துவிட்டது என்பது. நான்கு 4 டெராபைட் டிஸ்க்கில், ஒரு டிஸ்க் இழப்பை மட்டும் தாங்கும் ரெய்டு 5 வைத்தாலும் 12 டெராபைட் கிடைக்கும். ஒன்று விழுந்தால் அதிலிருந்ததைப் புது டிஸ்க்கில் மறுபடி கட்ட, அதாவது ரீபில்ட் செய்ய, மீதி மூன்றையும் முழுக்கப் படிக்க வேண்டும், மொத்தம் 12 டெராபைட். சாதாரண டிஸ்க்கின் விவரத்தாளில், நூறு லட்சம் கோடி பிட் படித்தால் ஒரு பிழை வரலாம் என்று போட்டிருக்கும். அது 12.5 டெராபைட். இதை எழுத்துக்கு எழுத்து நம்பினால் பத்து ரீபில்டில் ஆறு இடறும். இந்தக் கணக்கை 2007 வாக்கில் கிளப்பிவிட்டார்கள், இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒழுங்காகப் பராமரிக்கும் நாஸ் மாதம் ஒருமுறை ஸ்க்ரப் செய்கிறது, அதாவது எல்லா டிஸ்க்கையும் அடி முதல் நுனி வரை படித்துப் பார்க்கிறது. நான்கு 4 டெராபைட் டிஸ்க் என்றால் மாதம் 16 டெராபைட். விவரத்தாள் சொல்வதே நடப்பு என்றால் சராசரியாக மாதம் ஒரு பிழையாவது வர வேண்டும். பெரும்பாலான வீடுகளில் மாதக்கணக்கில் பூச்சியமே வருகிறது. தாளில் உள்ள எண், இதைவிட மோசமாகாது என்று தயாரிப்பாளர் தரும் உச்சவரம்பு. அதைச் சராசரியாக எடுத்துக்கொண்டதுதான் தவறு.

மிஞ்சுவது உண்மையான ஆபத்து: ரீபில்ட் முடிவதற்குள் இரண்டாவது டிஸ்க் விழுவது. லட்சக்கணக்கான டிஸ்க் ஓட்டும் பேக்பிளேஸ் என்ற கிளவுட் சேமிப்பு நிறுவனம் வெளியிடும் புள்ளிவிவரத்தில் சமீப ஆண்டுகளின் பழுது விகிதம் ஆண்டுக்கு 1.5 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. அது ஆளும் குளிரூட்டியும் உள்ள இடம், வீட்டுக்கு அப்படியே பொருந்தாது. கார்த் கிப்சனே, பியாங்கா ஷ்ரோடருடன் சேர்ந்து, 2007இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். விவரத்தாள்படி ஆண்டுக்கு அதிகபட்சம் 0.88 சதவீதம் மாற்ற வேண்டிய டிஸ்க்குகளை, நடப்பில் 2 முதல் 4 சதவீதம் மாற்ற வேண்டியிருந்தது என்று அது காட்டியது. பழுதுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வருவதில்லை, கொத்தாக வருகின்றன என்பதும் அதில் உண்டு. ரெய்டுக்குப் பெயர் வைத்தவர்களில் ஒருவரே ரெய்டுக் கணக்கின் அடிப்படை அனுமானத்தை ஆட்டிப் பார்த்திருக்கிறார்.

ஆகவே மோசமாகவே எண்ணுவோம். டிஸ்க்குக்கு ஆண்டுக்கு 4 சதவீதம், நான்கு டிஸ்க், எனவே ஆண்டில் ஏதாவது ஒன்று விழ 16 சதவீதம். நீண்ட வார இறுதியில் விழுந்து, புது டிஸ்க் வந்து, ரீபில்ட் முடிய நான்கு நாள். அந்த நான்கு நாளில் மீதி மூன்றில் ஒன்று விழும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றரைக்கும் குறைவு. ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய ஒரே பேட்ச் என்பதற்காக அதைப் பத்தால் பெருக்குவோம். இவ்வளவு கெடுத்தும் ஆண்டுக்கு ஐநூறில் ஒன்றை ஒட்டித்தான் வருகிறது. ரெய்டு 6இன் கூடுதல் டிஸ்க் காப்பது இந்த ஐநூறில் ஒன்றை. சின்ன விஷயமல்ல, ஆனால் வரிசையில் முதல் விஷயமும் அல்ல.

முதலில் வருவது எது என்பதற்குச் சாட்சிகள் நிறைய. 2014 ஆகஸ்டில் சினோலாக்கர் என்ற பணப்பறிப்பு மென்பொருள், சினாலஜி நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. 2021 ஏப்ரலில் க்யூலாக்கர், க்யூநாப் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பாஸ்வேர்ட் போட்டுச் சுருட்டியது. அது நுழைந்த ஓட்டை பேக்கப் எடுக்கும் ஆப்பிலேயே இருந்தது, சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதே ஆண்டு ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகள் யாரோ தூரத்திலிருந்து கொடுத்த ஆணையில் வெறுமையாகின. 2022 ஜனவரியில் டெட்போல்ட் வந்து மறுபடியும் க்யூநாப்பைத் தாக்கி 0.03 பிட்காயின் கேட்டது. இவற்றில் எந்தப் பெட்டியிலும் டிஸ்க் பழுதாகவில்லை. ரெய்டு 6 என்ன, ரெய்டு 60 வைத்திருந்தாலும் அழிவு ஒழுங்காக எல்லா டிஸ்க்கிலும் எழுதப்பட்டிருக்கும்.

இதன் உச்சம் தென்கொரியா. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரில் அரசின் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரி பற்றி எரிந்ததில், அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் முற்றாக அழிந்தது. 858 டெராபைட். அளவு பெரிதென்பதால் வெளியே பேக்கப் வைக்கவில்லை என்று விளக்கம் வந்தது. டிஸ்க் வாங்கக் காசில்லாத அரசு அல்ல அது. எல்லா டிஸ்க்கும் ஒரே கட்டடத்தில் இருந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

எல்லர்ஸ்லிக்கென்று இருக்கும் ஆபத்துகளும் இந்தத் திசையையே காட்டுகின்றன. 2023 ஜனவரி 27, வெள்ளிக்கிழமை, ஆக்லாந்து விமான நிலைய அளவீட்டில் ஒரே நாளில் 245 மில்லிமீட்டர் மழை கொட்டியது. இங்கே பல வீடுகளில் ஃபைபர் பெட்டி காராஜில் இருக்கும். ரவுட்டரும் அங்கேயே, அதனால் நாஸும் அங்கேயே, பெரும்பாலும் தரையில். நகரம் முழுவதும் ஒரே மழையில் நனையும்போது, இரண்டாவது பிரதி அதே நகரின் மவுண்ட் ராஸ்கில்லில் மச்சான் வீட்டில் இருப்பதும் அரைக் காப்புதான்.

மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். 2014 அக்டோபர் 5 அன்று எல்லர்ஸ்லிக்கு அடுத்த பென்ரோஸில் துணை மின்நிலையத்தின் கேபிள் பள்ளம் தீப்பிடித்து, நகரின் மத்திய, கிழக்குப் பகுதிகளில் 75,000க்கும் மேற்பட்ட இணைப்புகள் இருண்டன. 2006 ஜூனில் ஓட்டாஹுஹுவில் துருப்பிடித்த ஒரு கொக்கி விட்டுப்போய் பாதி நகரம் நின்றது. மின்வெட்டு டிஸ்க்கைக் கொல்வது அரிது. ஆனால் ரெய்டு 5, 6 இரண்டிலும் ஒரு எழுத்து வேலை பாதியில் நின்றால், டேட்டா ஒரு டிஸ்க்கில் புதிதாகவும் அதற்கான பேரிட்டி, அதாவது இழந்ததைத் திரும்பக் கணக்கிட வைக்கும் காப்பு எண், இன்னொன்றில் பழசாகவும் தங்கிவிடலாம். அன்று எதுவும் தெரியாது. பிறகொரு நாள் ஒரு டிஸ்க் விழுந்து, அந்தப் பேரிட்டியை வைத்துக் கணக்குப் போடும்போது குப்பை வரும். அதனால் யூபிஎஸ் வேண்டும், நாஸைத் தொடர்ந்து ஓட்ட அல்ல, பத்து நிமிடத்தில் ஒழுங்காக அணைக்க. யூபிஎஸ்ஸிலிருந்து நாஸுக்கு யூஎஸ்பி கேபிள் போகவில்லை என்றால் பணம் பாதி வீண். இந்தக் கேபிள் பிரிக்காத கவரோடு யூபிஎஸ் அட்டைப்பெட்டியிலேயே கிடப்பதை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம்.

மிரருக்கும் ஒரு பெரிய குறை உண்டு. இரண்டு பிரதிகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டால் எது சரி? லினக்ஸின் சாதாரண மிரருக்கு அது தெரியாது, வித்தியாசம் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. ஊர் ஊராகச் சுவடி தேடி அலைந்ததற்கு ஒரு காரணம் இதுவே: இரண்டு ஏடு பாடபேதம் காட்டினால் தீர்ப்புச் சொல்ல மேலும் சாட்சி வேண்டும். கம்ப்யூட்டரில் அந்தச் சாட்சிதான் செக்சம். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் போன்விக்கும் மேத்யூ ஆரன்ஸும் உருவாக்கிய இசட்எஃப்எஸ் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகை எடுத்துத் தனியே வைக்கிறது. படிக்கும்போது பொருந்தாத பிரதியை ஒதுக்கி, பொருந்தியதைக் கொடுத்து, கெட்டதைத் திருத்தியும் விடுகிறது. பிடிஆர்எஃப்எஸ்ஸும் மிரரில் இதைச் செய்யும். ஆனால் அதன் சொந்த ரெய்டு 5, 6ஐ நம்ப வேண்டாமென்று அதை எழுதியவர்களே எச்சரிக்கிறார்கள். ஆக, செக்சம் இல்லாத ரெய்டு 6ஐவிட செக்சம் உள்ள மிரர் மேல் என்பேன். இசட்எஃப்எஸ் பழைய துண்டின் மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதுவதால், மேலே சொன்ன பாதி எழுத்துச் சிக்கலும் அங்கே இல்லை.

எந்தப் பெட்டி? தனி ரெய்டு கார்டு வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். அது செத்தால் அதே இனத்துக் கார்டைத் தேடி அலைய வேண்டும். சினாலஜி போன்ற தயார் பெட்டிக்கு ஆதரவாக ஒரு உருப்படியான காரணம் உண்டு: உள்ளே இருப்பது லினக்ஸின் பொதுவான டிஸ்க் வரிசைதான், பெட்டி செத்தாலும் டிஸ்க்குகளை உபுண்டு கம்ப்யூட்டரில் செருகிப் படிக்கலாம். எதிராக இருப்பது நம்பிக்கைக் குறைவு. 2025இல் தன் புது மாடல்கள் சிலவற்றில் தன் டிஸ்க்கையே போட வேண்டுமென்று கட்டாயப்படுத்திய சினாலஜி, எதிர்ப்புக் கிளம்பியதும் அக்டோபரில் பின்வாங்கியது. மறுபடியும் முயலாது என்று யார் சொல்வது? பழைய கம்ப்யூட்டரில் ட்ரூநாஸ் மென்பொருளைப் போடுவது இசட்எஃப்எஸ்ஸைத் தருகிறது, வார இறுதிகளைக் கேட்கிறது. ஆர்வம் உள்ளவர் ட்ரூநாஸ், இல்லாதவர் தயார் பெட்டி, இதில் சண்டைக்கு ஒன்றுமில்லை. டிஸ்க் வாங்கும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை: 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் நாஸ் டிஸ்க்குகள் சிலவற்றில் சொல்லாமல் எஸ்எம்ஆர் முறையைப் புகுத்தியிருந்தது வெளியே வந்தது. தடங்களை ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் முறை அது. சாதாரண நாளில் தெரியாது, ரீபில்டில் மூச்சு வாங்கும். தடங்களை அப்படி அடுக்காத சிஎம்ஆர் என்று தெளிவாகப் போட்டதையே வாங்க வேண்டும்.

எல்லாவற்றையும் கிளவுடிலேயே வைக்கலாமே என்ற வாதத்தை எண்ணில் தீர்த்துவிடலாம். பேக்பிளேஸ் போன்ற மலிவான இடத்தில் 2025இல் டெராபைட்டுக்கு மாதம் 6 அமெரிக்க டாலராக இருந்தது. அந்தக் கணக்கில் எட்டு டெராபைட்டுக்கு வருடம் 576. ஹாமில்டனில் ஒரு சிறு பெட்டியும் 12 டெராபைட் டிஸ்க்கும் வைக்கும் செலவு இரண்டு வருட வாடகைக்குள் அடங்கிவிடும். மின்சாரம் தனி: வீட்டுப் பெட்டி 35 வாட் இழுத்தால் வருடத்துக்கு 300 யூனிட்டுக்கு மேல், யூனிட் 30 சென்ட் என்றாலும் நியூசிலாந்து டாலரில் தொண்ணூறைத் தாண்டும். ஆனால் கணக்கு வேலைக் கோப்புகள் எட்டு டெராபைட்டில் சிறு துளி. வரிப் பதிவுகளை ஏழு வருடம் வைத்திருப்பது சட்டம், வாடிக்கையாளர் விவரங்களுக்கு 2020ஆம் ஆண்டுத் தனியுரிமைச் சட்டமும் உண்டு. அந்தத் துளியை மட்டும் கிளவுடிலும் வைப்பது மாதம் ஓரிரு டாலர் சமாசாரம். மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பரிலும் அமேசான் 2025 செப்டம்பரிலும் ஆக்லாந்திலேயே தரவு மையங்களைத் திறந்துவிட்டதால், நாட்டுக்கு வெளியே போகிறதே என்ற தயக்கமும் குறையலாம்.

ஹாமில்டன் பிரதியை எப்படி நடத்துவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மேலேற்றும் வேகம் 100 மெகாபிட் உள்ள இணைப்பில் எட்டு டெராபைட் போய்ச்சேர ஏழு நாளுக்கு மேல் ஆகும். முதல் பிரதியை எல்லர்ஸ்லி வீட்டிலேயே எடுத்து, பெட்டியைக் காரில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவது புத்திசாலித்தனம். பிறகு அன்றன்றைய மாற்றம் மட்டும் போகும். முக்கியமானது திசை: இங்கிருந்து அங்கே தள்ளக் கூடாது, அங்கிருந்து இங்கே வந்து இழுக்க வேண்டும். இந்தப் பெட்டிக்குள் புகுந்தவனுக்கு அந்தப் பெட்டியின் பாஸ்வேர்ட் கிடைக்காது. அங்கே ஸ்னாப்ஷாட், அதாவது கோப்புகளின் பழைய நிலைப் பதிவு, சில மாதங்களுக்காவது நிற்க வேண்டும். குழந்தை ஒரு ஃபோல்டரை அழித்தது மூன்று வாரம் கழித்துத்தான் தெரியவரும். இரண்டு பெட்டியையும் நேரடியாக இணையத்துக்குத் திறக்காமல் வயர்கார்டு என்ற விபிஎன் வழியாகப் பேசவிட வேண்டும். க்யூலாக்கர் வந்தது திறந்த கதவு வழியாகத்தான்.

வீட்டுப் பெட்டியில் பார்க்க வேண்டியவை குறைவு, ஆனால் விடக் கூடாதவை. மாத ஸ்க்ரப். பழுது வந்தால் மெயில், அந்த மெயில் உண்மையில் வருகிறதா என்ற சோதனை. டிஸ்க் தன்னைப்பற்றித் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையை முழுக்க நம்ப முடியாது: கூகிள் 2007இல் லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்ததில், செத்தவற்றில் 36 சதவீதத்துக்கு மேல் வெப்பநிலை தவிர எந்த அறிகுறியும் காட்டாமலே செத்திருந்தன. இன்னொன்று அற்பமாகத் தோன்றும். டிஸ்க் விழுந்த இரவில் கணினி அதற்கு எஸ்டிசி (sdc) என்றொரு பெயரைச் சொல்லும். எது எஸ்டிசி? அந்தப் பெயர் ரீபூட்டில் மாறலாம். பதற்றத்தில் நல்ல டிஸ்க்கைப் பிடுங்கி, மிரரை ஒரே நொடியில் முடித்துவைத்தவர்கள் உண்டு. டிஸ்க்கைச் செருகும் அன்றே அதன் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்தை ட்ரேயின் முகப்பில் ஒட்டிவிட்டால் இந்தத் துயரம் இல்லை. இந்த ஒரு லேபிள், ரெய்டு 6இன் இரண்டாவது பேரிட்டி டிஸ்க்கைவிட அதிக டேட்டாவைக் காப்பாற்றும் என்று பந்தயமே கட்டலாம், எல்லர்ஸ்லியில் குதிரைப் பந்தயத் திடலும் இருக்கிறது.

ரெய்டு 6 எங்கே வெல்கிறது? இதே எல்லர்ஸ்லியில் கிரேட் சவுத் ரோட்டு ஓரத்தில் பத்துப் பேர் வேலை பார்க்கும் அலுவலகம். எல்லாரும் நாள் முழுக்க ஒரே சர்வரில் கோப்புகளைத் திறந்து வைத்திருக்கிறார்கள், டேட்டா 40 டெராபைட். அங்கே டிஸ்க் விழுந்தால் பத்துப் பேர் கைகட்டி உட்கார வேண்டும், ஒரு நாள் சம்பளமே ஒரு டிஸ்க் விலையைத் தாண்டும். அங்கே ஆறு டிஸ்க்கில், இசட்எஃப்எஸ்ஸில், இரண்டு பேரிட்டி வைப்பது சரி. கூடவே வெளியே ஒரு பிரதி. ஓட்டம் நிற்காமலிருக்க ரெய்டு, இருப்பு போகாமலிருக்க பிரதி, இரண்டுக்கும் தனித்தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். பணம் ஒன்றுக்குத்தான் என்றால் அலுவலகமும் பிரதியையே முதலில் வாங்க வேண்டும்.

நம் குடும்பத்துக்கு: இரண்டு 12 டெராபைட் டிஸ்க், செக்சம் உள்ள மிரர், தரையிலிருந்து உயர்த்தி வைத்த பெட்டி, கேபிள் செருகிய யூபிஎஸ், ஹாமில்டனில் மூன்றாவது டிஸ்க். ஏற்கெனவே ஐந்து டிஸ்க் ரெய்டு 6 வாங்கிவிட்டவர்கள் அதைக் கலைக்க வேண்டாம், ஆறாவதாக 12 டெராபைட்டில் ஒன்றை வாங்கி வெளியே அனுப்பினால் போதும். வருடம் ஒருமுறை அங்கிருந்து ஒரு ஃபோல்டரைத் திரும்ப எடுத்துப் படம் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறியாக்கம் வைத்திருந்தால் அதன் சாவி காகிதத்தில், வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்த இடத்தில் இருக்க வேண்டும். அப்படி இன்னொருவர் இல்லாத, அல்லது இருந்தும் இந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்க்க விரும்பாத வீடு என்றால் என் தீர்ப்பு மாறுகிறது: நாஸே வேண்டாம். கிளவுட் வாடகையைக் கட்டட்டும், படங்களை மட்டும் யூஎஸ்பி டிஸ்க் ஒன்றில் எடுத்து ஊருக்குப் போகும்போது அக்கா வீட்டில் கொடுத்து வைக்கட்டும்.